தயிரும் கீரையும்: ஒரு பழைய உறவின் வரலாறு



புனே நகருக்கு வடமேற்கில், மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி ஆகுர்டி என்றோர் ஊர் இருக்கிறது. பக்தி வரலாற்றில் இடம்பெற்ற ஊர் அது. துக்காராம் மகாராஜின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு, ஆண்டுதோறும் ஆனி மாதவாக்கில் தேஹுவிலிருந்து பண்டரிபுரத்திற்குப் புறப்படுகிறது. தேஹுவுக்கு வெளியே அதன் முதல் இரவுத் தங்கல் ஆகுர்டியிலுள்ள விட்டலன் கோவிலில்தான். இவ்வழக்கம் 1685ஆம் ஆண்டளவில் துக்காராமின் புதல்வர் நாராயண மகாராஜால் ஏற்பட்டதென்பர்.

தொழில் வரலாற்றிலும் அவ்வூருக்கு இடமுண்டு. 1954இல் அண்டையிலுள்ள பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசு மருந்துத் தொழிற்சாலை தோன்றிற்று. 1960களில் ஆகுர்டியிலேயே பஜாஜ் ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. அருகில் தேஹு ரோடு படைவீட்டு நகரமும் இருந்தமையால், நம்மவர் பலர் தொழில் நிமித்தமாக அவ்வட்டாரத்தில் குடியேறினர். பொன்னி அரிசி கிடைக்கும் கடை எது, தமிழ் நாளிதழ் எந்த வண்டியில் வரும் என்பவற்றையெல்லாம் வந்த ஓரிரு திங்களில் அறிந்துகொண்டனர். ஆயினும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நம்மவர் நெடுநாள் திகைத்து நிற்பது வழக்கம். அது கீரைக்கடை.

நாமும் அவ்வாறு நின்றதுண்டு. குளிர்காலத்துக் காலைப்பொழுது. மண்டையில் ஒரு மூதாட்டியார் கீரைக்கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். அரைக்கீரையையும் சிறுகீரையையும் கண்கள் தேடின, கிடைக்கவில்லை. இலையின் அடிப்புறத்தில் மாவு தூவினாற்போல வெளிறிய ஒரு கீரை இருந்தது. பெயரைக் கேட்டோம். "சாக்வத்" என்றார். "எப்படிச் சமைப்பது?" என்றதற்கு, "தாக்" என்று ஒரே சொல்லில் விடை தந்தார். தாக் என்பது மோர். மோரில் இடவேண்டிய கீரை அது என்பது அவ்வம்மையாரின் கருத்து. சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வதையே அன்றாட அலுவலாக உடைய நமக்கு, அந்த இரண்டு சொற்களும் சில நாட்கள் ஓய்வு கொடுக்கவில்லை. அவற்றின் வழியே சென்றபோது கண்ட செய்திகளையே இன்று நேயர்கள் முன் வைக்கிறோம்.

தயிரோடு இலையையும் பூவையும் சேர்த்து உண்ணும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சான்று புறநானூற்றிலேயே இருக்கிறது. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன், தன் மக்களோடு ஏற்பட்ட மாறுபாட்டால் மனம் வெறுத்து வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த வரலாற்றை நாம் அறிவோம். அந்நிலையில், தான் நேரில் கண்டிராத தன் நண்பர் பிசிராந்தையார் தவறாது வருவார் என்று அவன் உறுதி கூறுகிறான். அப்பாடல் அந்நூலில் 215ஆவதாக அமைந்துள்ளது. நண்பரின் நாட்டை அடையாளம் காட்ட முற்பட்ட சோழன், பாண்டியனின் மதிலையோ மாடத்தையோ கூறவில்லை. அந்நாட்டு எளிய மக்களின் உணவைக் கூறுகிறான். எருப்பொடி படிந்த தெருவில் தழைத்து வளர்ந்த வேளையின் வெண்பூவை வெண்தயிரில் இட்டு, ஆயர்மகள் புளிப்பாகச் சமைத்த உணவை, அவரை கொய்வோர் வரகுச் சோற்றோடு வயிறார உண்ணும் நாடு என்கிறான்.

உணவைத் துறந்து உயிரையும் துறக்க இருந்த அரசன் ஒருவன், நண்பனின் நாட்டைத் தயிர்ப்பச்சடி ஒன்றால் நினைவுகூர்ந்தான் என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது. இந்த வேளைதான் இன்று தைவேளை என்றும் நல்வேளை என்றும் வழங்கும் செடி. வேலியோரங்களிலும் குப்பைமேடுகளிலும் தானாகவே முளைப்பது.

அதே புறநானூற்றின் 159ஆம் பாடலில் இதன் மறுபக்கம் தோன்றுகிறது. குமண வள்ளலை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனார் தம் இல்லத்து வறுமையைச் சொல்கிறார். குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்புமின்றி நீரில் வேகவைத்து, மோருமின்றி, சோற்றையே மறந்து, வெறும் இலையை உண்ணும் தம் மனைவியின் நிலையை எடுத்துரைக்கிறார். இப்பாடலில் வரலாறு கற்போர் ஊன்றி நோக்கவேண்டிய சொல் ‘மோரின்று’ என்பது. கீரைக்கு மோர் துணை என்பது எல்லோரும் அறிந்த நடைமுறையாக இருந்திராவிடில், அது இல்லாமையைப் புலவர் ஒரு குறையாக எடுத்துக் கூறியிருக்க மாட்டார். கீரை ஏழைக்கும் கிடைத்தது, மோர்தான் கிடைக்கவில்லை. சிறுபாணாற்றுப்படையிலும் உப்பில்லாமல் வெந்த வேளைக்கீரையைப் பிறர் காணாதபடி கதவை அடைத்து உண்ட குடும்பம் ஒன்று வருகிறது. ஆகவே, தயிர் சேர்ந்த கீரை நிறைவின் அறிகுறியாகவும், தயிர் சேராத கீரை வறுமையின் அறிகுறியாகவும் அக்காலத்தில் கருதப்பட்டன எனலாம்.

தாளிதமும் பழையதே. கட்டித்தயிரைத் தன் விரல்களால் பிசைந்து, தாளிப்பின் புகை கண்ணில் படிய, கணவனுக்குப் புளிக்குழம்பு சமைத்த புதுமணப் பெண்ணைக் குறுந்தொகையின் 167ஆம் பாடல் காட்டுகிறது. தாளிப்பதற்கு அக்காலச் சொல் குய். ஆனால் அந்தக் குய்யில் மிளகாய் இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்ததன் பின்னரே நம் நாட்டில் பரவியது. மராட்டியர் பச்சடியில் தூவும் நிலக்கடலையும் அவ்வாறே கடல் கடந்து வந்த பொருள். நம் மூதாதையரின் பச்சடிக்குக் காரம் தந்தவை மிளகும் கடுகுமே.

கடுகு என்றவுடன் வடநாட்டின் ராய்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். தில்லியிலும் கான்பூரிலும் வாழும் நேயர்கள் இதனை நன்கறிவர். ‘ராயி’ என்பது கடுகு. அதன் வடமொழி மூலம் ‘ராஜிகா’. அச்சொல்லிலிருந்தே ராய்தா என்னும் பெயர் தோன்றிற்று என மொழியறிஞர் கூறுவர். அஃதாவது, வடநாட்டார் தயிரில் சேர்த்த காரப்பொருளைக் கொண்டு பெயரிட்டனர். நாமோ பச்சை என்னும் தன்மையைக் கொண்டு பச்சடி என்றோம். கர்நாடகத்தின் மலைநாட்டினர் தம்புளி என்பர். தண்மையும் புளிப்பும் கூடியது என்று அதற்குப் பொருள் உரைப்பர். வல்லாரை முதலிய இலைகளை அரைத்து மோரில் கலந்து அவர்கள் அதனைச் செய்கின்றனர். ஆந்திரத்தில் பச்சடி என்றால் துவையல். நம் பச்சடியைக் கேட்க வேண்டுமாயின் ‘பெருகு பச்சடி’ என்று தயிரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இதனை அறியாமல் ஐதராபாத்தில் காரத்தை அள்ளி உண்டு கண்ணீர் வடித்தவர்கள் நம்மவருள் உண்டு.

மராத்தியர் வழங்கும் பெயர் கோஷிம்பீர். கன்னடத்தில் கோசம்பரி. இராமநவமியன்று நம் இல்லங்களில் பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் சேர்த்துச் செய்யும் கோசுமல்லியை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே சொல்லின் மூன்று வடிவங்களே. இதனோடு ஒலியால் நெருங்கிய மற்றொரு சொல் கொத்துமல்லி. மராத்தியில் கோதிம்பீர், கன்னடத்தில் கொத்தம்பரி, வடமொழியில் குஸ்தும்புரு. பாணினி தம் இலக்கணத்தில் குஸ்தும்புரு என்ற சொல்லின் அமைப்புக்கென்றே ஒரு சூத்திரம் வகுத்துள்ளார். நாம் அரையணாக் காய்கறியாக எண்ணிக் கொசுறு கேட்டு வாங்கிய தழைக்கு அத்துணைப் பழமையான இலக்கணப் பெருமை!

எழுத்தில் அமைந்த சமையற் சான்றுகள் தக்காணத்தில் ஏராளம். கல்யாணியிலிருந்து 1126 முதல் 1138 வரை ஆட்சி செய்த மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் நூலில் அன்னபோகம் என ஒரு பகுதி உண்டு. தயிரில் நீரை வடித்துச் சர்க்கரை கூட்டிச் செய்யும் சிகரிணியை அதில் காண்கிறோம். இன்றைய மராட்டியரின் ஸ்ரீகண்டிற்கு அது மூதாதை. சோமேசுவரனின் நாடு இன்றைய மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியையும் தழுவியிருந்தது.

தமிழருக்கும் மராட்டியருக்கும் ஏற்பட்ட அடுக்களை உறவு தஞ்சையில் வேர்கொண்டது. சிவாஜி மன்னரின் தம்பி ஏகோஜி 1676இல் தஞ்சை அரியணை ஏறினார். 1855இல் ஆங்கிலேயர் அவ்வரசைத் தம் ஆட்சியில் சேர்த்துக்கொள்ளும் வரை மராட்டியர் அங்கு விளங்கினர். ஏகோஜியின் அரசி தீபாபாயின் ஆதரவைப் பெற்ற இரகுநாத சூரி என்னும் மகாராஷ்டிரப் பண்டிதர், போஜன குதூகலம் என்ற வடமொழி நூலில் தானியங்கள், காய்கள், கீரைகள், பால்படு பொருள்கள் ஆகியவற்றின் இயல்பைத் தொகுத்துரைத்தார். 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி மன்னரின் பெயரால் வழங்கும் சரபேந்திர பாக சாஸ்திரம் என்ற மராத்திச் சமையல் நூல் தஞ்சை சரஸ்வதி மகாலின் செல்வங்களுள் ஒன்று. புனேயிலிருந்து தெற்கே போனவர் நம்மோடு உண்டு, நம்முள் ஒருவராயினர். இப்பொழுது நாம் அவர்தம் பழைய நாட்டிற்கு வந்திருக்கிறோம். விருந்து திரும்பிற்று என்பதன்றி வேறில்லை.

இனி அந்த மூதாட்டியார் தந்த சாக்வத்துக்கு வருவோம். மாவு படிந்த அக்கீரையைத் தமிழ்நாட்டில் சக்கரவர்த்திக் கீரை என்பர். வடமொழி அகராதிகளில் இதற்கு வாஸ்தூகம், சக்கரவர்த்தி என இரு பெயர்கள் காணப்படுகின்றன. முதற்பெயர் வடநாட்டில் பதுவா ஆயிற்று. இரண்டாம் பெயர் மராத்தியில் சாக்வத் எனச் சுருங்கிற்று. தமிழில் மட்டும் முடியும் கொடியும் குறையாமல் முழுச் சக்கரவர்த்தியாகவே வீற்றிருக்கிறது. வடநாட்டில் இது கோதுமை வயலில் களையாக முளைக்கும். குளிர்காலத்தில் அதனைக் கொய்து, வேகவைத்து, தயிரில் கலந்து பதுவா ராய்தா செய்வர். மராட்டியர் கடலைமாவு கரைத்த மோரில் அதனை இடுவர். நாம் அந்நியமென எண்ணித் தயங்கிய கீரை, பெயராலேயே நம் உறவினராக நின்றது. இதனை அறிந்த அன்று நாம் சற்று நாணினோம் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்லாராய்ச்சி இன்பம் என்று சிலர் கருதலாம். அன்று, இதில் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918இல் சிறிய அளவில் தொடங்கிய ஓர் ஆய்வுக்கூடம், இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரின் தலைமையில் உணவியல் ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் அடிகோலியது. 1920களில் அவர் செய்த சோதனை புகழ்பெற்றது. இந்தியாவின் பல வட்டாரத்து மக்கள் உண்ணும் உணவு வகைகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமை, பால், தயிர், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை நிறைந்த சீக்கியர் உணவை உண்டவை முதலிடம் பெற்றன. பட்டாணியர், மராட்டியர் உணவுகளை உண்டவை அவற்றை அடுத்து நின்றன. கடையிடம் எதற்குக் கிடைத்தது? தீட்டிய அரிசியை முதன்மையாகவும், பாலையும் காய்கறியையும் சிறிதளவாகவும் கொண்ட சென்னை வட்டாரத்து உணவுக்கு.

இம்முடிவைக் கேட்டு நாம் மனம் வாடவேண்டியதில்லை, வாதாடவும் வேண்டியதில்லை. பெருஞ்சித்திரனார் தம் பாடலில் முறையிட்ட குறையையே குன்னூர் ஆய்வுக்கூடம் அளந்து காட்டிற்று. தமிழன் உணவு இயல்பிலேயே தாழ்ந்ததன்று; தயிரும் கீரையும் விலகிய தமிழன் உணவே தாழ்ந்தது. ஆயர்மகள் சமைத்த வரகும் வேளையும் தயிரும் அந்தத் தராசில் ஏறியிருந்தால் தட்டு வேறு பக்கம் சாய்ந்திருக்கக்கூடும். பின்னர் டாக்டர் அய்க்ராய்டு அக்கூடத்தின் தலைவராகி, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைப் பட்டியலிட்டு 1937இல் ஒரு கையேடு வெளியிட்டார். விலை மலிந்த கீரைகள் உயிர்ச்சத்துக்களில் எத்துணை உயர்ந்தவை என்பது அதனால் நாடெங்கும் தெரிந்தது. அவ்வாய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

கீரையில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும், ஃபோலிக் அமிலமும், இரும்பும் உள்ளன. தயிரில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. கரோட்டின் உடலில் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு தேவை. தயிரின் ஆடையும் தாளித்த எண்ணெயும் அதனை நல்குகின்றன. பாலக், சக்கரவர்த்தி போன்ற கீரைகளில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. கொதிநீரில் இட்டு வடித்தால் அது ஓரளவு குறையும்; எஞ்சியதில் ஒரு பகுதியைத் தயிரின் சுண்ணாம்பு குடலிலேயே பிணைத்து வெளியேற்றிவிடும். இரும்புச் சத்தை மட்டும் நாடுவோர், தயிரின்றிக் கீரையை எலுமிச்சைச் சாற்றோடு வேறொரு வேளை உண்பது நலம்; சுண்ணாம்பு மிகுந்தால் இரும்பு உடலில் சேர்வது சற்றுக் குறையும்.

செய்முறை எளிது. நால்வர் உள்ள இல்லத்திற்கு ஆய்ந்த கீரை கால் கிலோ போதும். பலமுறை நீர் மாற்றி அலசி, கொதிக்கும் நீரில் மூன்று நான்கு நிமிடம் மட்டும் வேகவைத்து, வடித்து, உடனே குளிர்ந்த நீரில் இட்டுப் பிழிக. நிறம் மாறாதிருக்கும். நன்கு ஆறிய பின் பொடியாக நறுக்கி, புளிக்காத கெட்டித்தயிர் இரண்டு கிண்ணம் கடைந்து அதில் சேர்க்கவும். சூடான கீரையைத் தயிரில் கொட்டினால் தயிர் திரிந்து நீர் பிரியும். இந்தப் பிழையை நாமே செய்து கற்றுக்கொண்டோம். ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, ஒரு பச்சைமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அதுவும் சூடு தணிந்த பின் கலக்கவும். உப்பை உண்ணும் நேரத்தில் இடுவதே முறை. முன்னரே இட்டால் கீரை நீர்விடும். தேங்காய் அரைத்துச் சேர்ப்பது தென்னாட்டு வழி. வறுத்த வேர்க்கடலைப் பொடியும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்ப்பது மராட்டியர் வழி. இளம் வெந்தயக்கீரை, கொத்துமல்லி, புதினா ஆகியவற்றை வேகவைக்காமலே நறுக்கிக் கலக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் பச்சையாக உண்பதைத் தவிர்ப்பது அறிவுடைமை.

‘கீரையும் தயிரும் இரவில் ஆகாது’ என்று நம் பாட்டிமார் கூறுவதுண்டு. இரவில் தயிரை விலக்குமாறு சரக சம்ஹிதையும் கூறுகிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத நாளில், காலையில் பறித்த கீரை மாலையில் வாடும். தயிரோ கடும்புளிப்பு ஏறும். விளக்கொளியில் கீரையிலுள்ள புழுவையும் காண முடியாது. இக்காரணங்களை எண்ணும்போது விலக்கு பொருளற்றதென்று சொல்ல இயலாது. பகலுணவில் உண்டால் பாட்டியார் சொல்லும் காக்கப்படும், பச்சடியும் கிடைக்கும்.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் இழந்துவிடக்கூடியது கீரையையன்று, அதன் பெயரை. பெயர் தெரியாத இலையை யாரும் வாங்குவதில்லை. வாங்காத இலை அடுத்த தலைமுறைக்குத் தெரிவதில்லை. எனவே சில பெயர்களை இணைத்துச் சொல்லி வைக்கிறோம். மகாராஷ்டிரத்தில் வெந்தயக்கீரை மேதீ, பருப்புக்கீரை கோள், கொடிப்பசலை மாயாளு, தண்டுக்கீரை மாட், புளிச்சக்கீரை அம்பாடீ, முருங்கை ஷேவ்கா. கீரை என்னும் பொதுப்பெயர் பாலேபாஜீ. ஒரு கட்டு என்பது ஜுடீ. இப்பெயர்களைத் தமிழ்ப் பெயரோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், அவர்களுக்கு இரண்டு நாடுகளும் உரிமையாகும்.

பண்டரிபுரத்திற்கு அருகிலுள்ள அரண் என்னும் ஊரில் 13ஆம் நூற்றாண்டில் சாவதா மாளி என்ற தோட்டக்காரர் இருந்தார். தாம் பயிரிட்ட வெங்காயத்திலும் முள்ளங்கியிலும் கீரையிலும் விட்டலனையே கண்ட அடியார் அவர். ஆகுர்டியில் இரவு தங்கிச் செல்லும் பல்லக்கின் அடியார்கள், யாத்திரையின் முடிவில் ஆஷாடப் பௌர்ணமியன்று கோபால்பூரில் கூடுவர். அங்கே காலா என்னும் பிரசாதம் பகிர்ந்துகொள்ளப்படும். பொரியும் அவலும் தயிரும் பிறவும் ஒன்றாகப் பிசைந்தது அது. கொண்டுவந்தவர் யார், உண்பவர் யார் என்ற வேறுபாடு அதில் இல்லை.

அன்று வாங்கிய சக்கரவர்த்திக் கீரையைப் பச்சடியாக்கி, மறுவாரம் ஒரு சிறு கிண்ணத்தில் அந்த மூதாட்டியாருக்குக் கொண்டு சென்றோம். ஒரு விரல் சுவைத்துவிட்டு, "கடலைப்பொடி போடவில்லையே" என்றார். பின்னர் கிண்ணத்தைக் காலிசெய்தார். இந்த வாரம் உங்கள் ஊர்ச் சந்தையில் பெயர் தெரியாத கீரை ஒன்றைக் காண்பீர்களாயின், அதன் பெயரைக் கேளுங்கள்; எப்படிச் சமைப்பதென்றும் கேளுங்கள். மோர் என்ற சொல் விடையாக வருமாயின், தயங்காது வாங்குங்கள்.